எட்டாம் பாட்டுக்குப் பிறகு

குளிக்கிற சவர்க்காரம் செய்யும் கம்பனி ஒன்றில் சேல்ஸ் ரெப்பாக இருந்த ராஜரத்தினத்துக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. கதிரையில் உட்கார்ந்தால் கால் ஆடும். கால் நின்றால் விரல் தாளம் போடும். “காலுக்குள்ள மோட்டரா வச்சிருக்கீங்க” என்பாள் மனைவி சந்திரிகா. அந்த மனிதர் ஆடாமல் அசையாமல் இருப்பதைப் பார்க்க வேண்டுமென்றால், நல்ல கசெட் ஒன்று அவர் வீட்டில் முதல் தடவையாக ஓடும்போது போய்ப் பார்க்க வேண்டும்.

பிறந்தது மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். பத்தாம் வகுப்போடு கண்டிக்கு இறங்கி வந்து, ஒரு ரெக்கோர்ட் பாரில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே மற்றவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்தார்கள், இவர் பாட்டுக்காகச் செய்தார். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அந்தக் கடை எரிந்தது. ஊர் கொஞ்சம் அடங்கிய பிறகு போய்ப் பார்த்தபோது, இசைத்தட்டுகள் பொரித்த அப்பளம் போலச் சுருண்டு கிடந்தன. முதலாளி இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார். ராஜரத்தினம் சவர்க்காரம் விற்கப் போனார். “சவர்க்காரம் தீப்புடிக்காதுல்ல” என்று அதையும் ஒரு பகிடியாகச் சொல்வார். ஆனால் அதற்குப் பிறகு அவர் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்ததில்லை. தெருவில் நாலு பேர் சேர்ந்து ஓடினால், அது பஸ்ஸைப் பிடிக்கிற ஓட்டமாக இருந்தாலும், இவர் கை கதவுத் தாழ்ப்பாளைத் தேடும்.

மார்கழி பிறந்தால் வீட்டில் ஒரு தனிப் பண்டிகை தொடங்கும். அந்த வருடம் கேட்ட கசெட்டுகளில் சிறந்த ஐந்தைத் தெரிவு செய்கிற பண்டிகை. யாரும் கேட்கவில்லை, எந்தப் பத்திரிகையும் போடப்போவதில்லை. இருந்தும், பாராளுமன்றத் தேர்தலுக்குக்கூட மனிதர் இவ்வளவு யோசித்து வாக்குப் போட்டதில்லை. ஒரு பாட்டு நன்றாக இருக்கிறது என்பதற்காக ஒரு கசெட் தேறிவிடாது; முதல் பக்கத்தின் தொடக்கத்திலிருந்து இரண்டாம் பக்கத்தின் முடிவு வரை முழுதாக நிற்க வேண்டும். அங்கொரு படப்பாட்டு இங்கொரு பக்திப்பாட்டு என்று பொறுக்கிப் பதிந்த கலவைக் கசெட்டுகளைக் கையாலும் தொடமாட்டார். “அது நாலு எலையில வழிச்ச சோறு” என்பார். வெளிவந்த வருடம் எது என்பதும் அவருக்குப் பொருட்டில்லை. சென்னையில் எப்போது பிறந்திருந்தாலும், கண்டிக்கு என்றைக்கு வந்து சேர்ந்ததோ அன்றைக்குத்தான் அதற்குப் பிறந்தநாள்.

எல்லாவற்றுக்கும் மேலாக இன்னொரு விதி இருந்தது. கடைசிப் பாட்டு முடிந்த அந்தக் கணமே பொத்தானை அமத்தி நிறுத்திவிட வேண்டும். அதன்பிறகு கொஞ்ச நேரம் வீட்டில் யாரும் வாய் திறக்கக்கூடாது. “சாப்புட்டவொடனே வாய் கொப்புளிச்சா ருசி போயிரும்” என்பது அவருடைய நியாயம். சந்திரிகா அந்த நேரத்தில்தான் வேண்டுமென்றே சட்டிபானையை உருட்டுவாள். நியாயமோ அநியாயமோ, பின்னால் மனிதரின் கழுத்துக்குக் கயிறாக வந்தது இந்த விதிதான்.

தொண்ணூற்றேழாம் வருடத்துக் கசெட்டுகளில் இரண்டாம் இடத்துக்குத்தான் பெரிய அடிபிடி. கிழக்கு மாகாணத்து முஸ்லிம் பெரியவர்கள் ரபான் என்ற கைப்பறையைத் தட்டிப் பாடியது ஒன்று, ஒரு சிங்களக் கலைஞர் புல்லாங்குழலில் மட்டுமே வாசித்தது மற்றொன்று. இரண்டையும் மாறி மாறிக் கேட்டு, வாரக் கணக்கில் தனக்குத்தானே வழக்காடி, கடைசியில் ரபானுக்குத் தீர்ப்பு வழங்கினார். முதல் இடத்துக்கு வழக்கே இருக்கவில்லை. சினிமாவுக்குப் பாடாத ஒரு பெண்ணின் குரல். எட்டே பாட்டு, எட்டும் மழையைப் பற்றி. போகப் போக வாத்தியங்கள் ஒவ்வொன்றாக விலகி, எட்டாம் பாட்டில் தம்புராவும் அவளும் மட்டும் மிஞ்சுவார்கள். அதைக் கேட்ட அன்று ராஜரத்தினம் இரவுச் சாப்பாட்டையே மறந்துவிட்டார்.

அந்தக் கசெட் கொழும்பிலிருந்து வந்த ஒரு வியாபாரியுடையது. ஒரு நாள் இரவல்தான். கைவசம் வெறும் கசெட் இருக்கவில்லை. முன்பு பக்கத்து அறையில் வாடகைக்கு இருந்த யோகேந்திரன் என்ற யாழ்ப்பாணத்துப் பையன் வெளிநாடு போகும்போது, “அண்ணை, இதுகளை நீங்கள் வைச்சிருங்கோ. அழிச்சுப்போட்டு உங்கட பாட்டைப் பதியலாம்” என்று ஒரு பை நிறையப் பழைய கசெட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அதிலிருந்து கோயில் நாதஸ்வரம் என்று எழுதியிருந்த ஒன்றை எடுத்துப் பதிந்தார். கசெட் நீளம், பாட்டோ எட்டு. எட்டுக்குப் பிறகு மிச்சமிருந்த நாடாவில் பழைய சரக்கு அப்படியே கிடந்தது. கிடந்தால் என்ன? இவர்தான் எட்டு முடிந்ததும் நிறுத்திவிடுகிறவராயிற்றே.

சிறந்த கசெட்டைப் பிரதி எடுத்து, ஆங்கிலப் புத்தாண்டுக்கு மூன்று பேருக்குப் பரிசாகக் கொடுப்பது வழக்கம். சந்திரிகாவின் தங்கை குவைத்திலிருந்து அனுப்பிய இரட்டைக் கசெட் ரேடியோவில் ஒன்றைப் போட்டு மற்றதில் வேகமாகப் பிரதி எடுக்கலாம். அப்படி எடுக்கும்போது பாட்டு கீச்சுக்கீச்சென்று அணில் கத்துவது போலக் கேட்கும். அந்த அநியாயத்தைக் காதால் கேட்கச் சகிக்காமல், சத்தத்தைக் குறைத்துவிட்டு மனிதர் குளிக்கப் போய்விட்டார். நாடா ஓடவேண்டிய மட்டும் ஓடித் தானாக நின்றது. மூன்று தடவையும் அப்படியே.

தை மாதக் கடைசியில், ஒரு ஞாயிறு விடிகாலையில், புத்தரின் புனிதப் பல் இருக்கிற தலதா மாளிகை வாசலில் குண்டு வெடித்தது. கட்டுக்கலையில் ராஜரத்தினம் குடியிருந்த வீட்டின் சன்னல் கண்ணாடிகூட அதிர்ந்தது. அன்று பகல் தெருவில் ஆட்கள் ஓடினார்கள், பஸ் பிடிப்பதற்காக அல்ல. கதவைச் சாத்தி, அலுமாரியை நகர்த்தி வைத்துவிட்டு, புருஷனும் பெண்சாதியும் உள்ளே கிடந்தார்கள். பிறகு ஊரடங்கு. பிறகு வீடு வீடாகச் சோதனை. யார் எந்த ஊர், எப்போது வந்தது, பொலிஸில் பதிந்திருக்கிறதா, அலுமாரியில் என்ன, கட்டிலுக்குக் கீழே என்ன. சாமான்களைக் கொட்டிப் பார்த்தார்கள். சில வீடுகளில் இளந்தாரிகளைக் கூட்டிக்கொண்டும் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை மாலை, மனசு கொஞ்சமாவது அமரட்டும் என்று ராஜரத்தினம் அந்த மழைக் கசெட்டைப் போட்டார். எட்டாம் பாட்டு முடிகிற நேரம் வெளியே ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அவர் எழுந்து சன்னல் சீலையை விலக்கிப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜீப் யாரையும் இறக்காமல் போய்விட்டது. அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் ரேடியோவில் மேளங்கள் அதிர்ந்தன. பையன்கள் கூட்டமாகப் பாடினார்கள். பிறகு ஒரு தாயின் குரல் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. இரண்டு வரி கேட்டதும் இது என்ன பாட்டு என்று விளங்கிவிட்டது. இயக்கப் பாட்டு. இராணுவத்தோடு நடந்த சண்டையில் செத்த ஒரு பையனுக்காகப் பாடியது.

சந்திரிகா அடுப்படியிலிருந்து ஓடிவந்து பொத்தானை அமத்தினாள்.

“யாரு பாட்டுங்க இது?”

“யோகேந்திரன் குடுத்த கசெட்டு. நாதஸ்வரம்னு எழுதி இத மறச்சு வச்சிருக்கான். பழசு மிச்சம் இருந்திருக்கு.”

“அழிங்க மொதல்ல. பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்குமோ என்னமோ.” அவள் நாலைந்து அடி போய்த் திரும்பி வந்தாள். “இதத்தானே வருசப் பொறப்புக்கு எல்லாருக்கும் குடுத்தீங்க?”

மிச்சத்தை அழிப்பதற்காக ராஜரத்தினம் பதிவுப் பொத்தானை அமத்தினார். அந்த வருடத்தின் மிகச் சிறந்த கசெட் என்று தன் கையால் எழுதி, தன் பெயரையும் போட்டு, மூன்று வீடுகளுக்குத் தானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். எந்த வீட்டில் சோதனை வந்தாலும், எந்தச் சன்னல் வழியாக அந்த மேளம் வெளியே போனாலும், அந்த வீட்டுக்காரன் உள்ளே. அடுத்தது இவர். தொலைபேசியில் சொல்கிற விஷயமல்ல. நேரில் போய்த்தான் வாங்கி வரவேண்டும்.

ஊரடங்கு தளர்ந்ததும் முதலில் போனது விவேகானந்தன் வீட்டுக்கு. அரச அலுவலகம் ஒன்றில் கணக்காளர், யாழ்ப்பாணத்தார், சங்கீதம் தெரிந்தவர். ராஜரத்தினம் தனக்குச் சமமாக மதித்த ஒரே ரசிகர் அவர்தான். ஒவ்வொரு வருடமும் கசெட்டைக் கொடுத்து ஒரு கிழமை கழித்து அபிப்பிராயம் கேட்பார். விவேகானந்தன் கண்ணை மூடி யோசித்து, “குரல் சுத்தம். இரண்டாம் பக்கம் மட்டும் கொஞ்சம் இழுவை” என்பார். அந்த இழுவையைப் பற்றி ராஜரத்தினம் பிறகு பல நாள் யோசிப்பார்.

அன்று விவேகானந்தன் முகம் கறுத்துப்போய் இருந்தார்.

“நேற்று வந்து அலுமாரி முழுக்கக் கிளறிப்போட்டுப் போனவங்கள். கசெட்டுகளை எடுத்து என்ன எண்டு கேட்டவங்கள். சங்கீதம் எண்டன். போட்டுப் பாக்கேல்லை, விட்டிட்டாங்கள்.”

“அந்த மழக் கசெட்டக் கொஞ்சம் தாங்க சார். அதுல ஒரு பிழை இருக்கு.”

“ஓம், அதுக்கென்ன. மங்களம், ராஜரத்தினம் தந்த கசெட்டை எடுத்து வாரும்.”

அவர் மனைவி மங்களேஸ்வரி உள்ளேயிருந்து கேட்டார். “எதை? எல்லாம் ஒண்டாத்தானே கிடக்குது.”

அவர் கொண்டுவந்து மேசையில் வைத்தது ஒரு கசெட்டை அல்ல. இத்தனை வருடமும் ராஜரத்தினம் கொடுத்த அத்தனையும் ஒரு றப்பர் வளையம் போட்டு அடுக்கியிருந்தன. சந்திரிகா பூப்போட்ட தாளில் சுற்றி ஒட்டிய ஒட்டு ஒன்றில்கூடப் பிரியவில்லை. விவேகானந்தன் இருமினார். மங்களேஸ்வரி தேத்தண்ணி கொண்டுவருவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டார்.

ராஜரத்தினம் பிரிக்காத மழைக் கசெட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினார். உயிர் தப்பியது; அதற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று அவருக்கே தெரிந்தது. ஆனால் பஸ் தரிப்பிடம் வரும்வரை நெஞ்சுக்குள் ஒரே பொருமல். இரண்டாம் பக்கம் இழுவையாம். அந்த மனிதரைத் திரும்பிப் போய் நாலு கேள்வி கேட்க வேண்டும் போல இருந்தது. ஊர் இருக்கிற நிலைமையில் அதற்கா நேரம்?

அடுத்த நாள் கம்பனி திறந்தது. வேன் கலகெதர பாதையில் புறப்பட்டது. சாரதி தென்னகோன் அம்பிட்டியவைச் சேர்ந்த சிங்களவர், ராஜரத்தினத்தைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். இவரை ‘மல்லி’ என்றுதான் கூப்பிடுவார், தம்பி என்று அர்த்தம். இருவருக்கும் பேச்சு எப்போதும் சிங்களத்தில். அன்று பாதையெங்கும் சோதனைச் சாவடிகள். ஒவ்வொன்றிலும் ராஜரத்தினத்தை இறங்கச் சொன்னார்கள், அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒவ்வொன்றிலும் தென்னகோன் சன்னலால் தலையை நீட்டி, “நம்ம ஆள், நம்ம ஆள். எனக்கு இவரைப் பல வருடமாகத் தெரியும்” என்றார். தென்னகோனின் மகன் வன்னிப் போர்முனையில் இராணுவத்தில் இருக்கிறான் என்பதையும் சேர்த்துச் சொல்வார். அதைக் கேட்டதும் அட்டை சீக்கிரம் திரும்பி வரும்.

மூன்றாவது கசெட் இந்தத் தென்னகோனிடம்தான் இருந்தது. தமிழ் தெரியாத மனிதர். ஒரு மரியாதைக்காகக் கொடுத்தது. கேட்டிருக்கவே மாட்டார் என்று ராஜரத்தினம் தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். அதைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஹுஸைன்.

ஹுஸைனுக்குக் கலகெதர கடைத்தெருவில் பலசரக்குக் கடை. நல்ல மனிதர், சவர்க்காரமும் நிறைய எடுப்பவர். விஷயத்தை மெதுவாகக் கேட்டதும் அவர் தலையைச் சொறிந்தார்.

“அத எனத்துக்கு ராஜா திரும்பக் கேக்கிற? அதுல இப்ப உங்கட பாட்டு இல்லையே. மகள் கிராஅத் போட்டிக்கு ஓதினத்த அதுலதான் பதிஞ்சி வெச்சீக்கி.”

“ரெண்டு பக்கமுமா?”

“ஒரு பக்கந்தான். மத்தப் பக்கம் கேக்கல்ல. கடையில எங்க நேரம்?”

மகள் சித்தி றலியா குர்ஆன் ஓதியதை அழிப்பதற்கும் இல்லை, கசெட்டைத் தூக்கிக்கொண்டு போவதற்கும் இல்லை. ராஜரத்தினம் ஹுஸைனைக் கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் உண்மையைச் சொன்னார். ஹுஸைன் ரேடியோவைத் தானே தூக்கிவந்து வைத்தார். இரண்டாம் பக்கத்தின் கடைசிக்கு ஓட்டி, பதிவுப் பொத்தானை அமத்திவிட்டு, இருவரும் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ரேடியோவுக்குள்ளேயே மைக் இருந்தது. இயக்கப் பாட்டுக்கு மேலே மணிக்கூட்டுச் சத்தமும், மூட்டை இறக்குகிறவர்கள் பேச்சும், “சோறு ஆறுது, வாங்களே” என்று ஹுஸைனின் மனைவி ஹபீலா புருஷனைக் கூப்பிட்டதும் பதிவாயின.

“அல்லா காப்பாத்தின” என்றார் ஹுஸைன். “நல்ல காலம் ராஜா, ஒங்கட பாட்ட நாங்க ஒரு நாளும் கேக்கிறல்ல.”

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். ராஜரத்தினத்துக்கு அது ஓங்கிக் கன்னத்தில் விட்டது போல இருந்தது. ஒரு நாளும் கேட்பதில்லையாம். பதினொரு மாதம் காதைத் தீட்டி, மார்கழி முழுக்க மண்டையைப் போட்டு உடைத்து, கடைசியில் ஒருத்தர் அலுமாரியில் பூட்டி வைக்கிறார், மற்றவர் அதற்கு மேல் வேறொன்றைப் பதிகிறார். அவர்கள் கேட்காமல் விட்டதால்தான் எல்லாரும் பிழைத்தார்கள் என்று புத்தி சொன்னது. மனசு கேட்கவில்லை.

திரும்பி வரும் வழியில் இருப்புக் கொள்ளாமல் தென்னகோனிடம் கேட்டார். “அண்ணே, புது வருடத்துக்குத் தந்த அந்தக் கசெட், போட்டுப் பார்த்தீர்களா?”

தென்னகோனின் முகம் மலர்ந்தது. “போட்டுப் பார்த்தேனா? மல்லி, வீட்டில் வேறு ஒன்றும் போடுவதில்லை. விளக்கு வைக்கிற நேரம் மெனிக்கே அதைப் போடாமல் இருக்கமாட்டாள். இன்றைக்கு வா, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம்.”

இத்தனை வருடமாக ராஜரத்தினம் கேட்க ஏங்கிய வார்த்தை அது. வந்ததும் வந்தது, வரக்கூடாத நேரம் பார்த்து வந்தது.

அம்பிட்டியவில் தென்னகோனின் வீடு பாதைக்கு மேலே, கொஞ்சம் படி ஏற வேண்டும். பாதிப் படியிலேயே மேளச் சத்தம் கேட்டது. ராஜரத்தினம் மிச்சப் படிகளை இரண்டிரண்டாக ஏறினார். உள்ளே ரேடியோவுக்குப் பக்கத்தில், சீருடை போட்ட மகனின் படத்துக்குக் கீழே, தென்னகோனின் மனைவி மெனிக்கே வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்திருந்தார். பாட்டு முடியும்வரை யாரும் பேசவில்லை. அந்த வீட்டிலும் பாட்டு முடிந்த பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள்.

“முதல் எட்டும் நல்ல பாட்டுத்தான்” என்றார் தென்னகோன். “பாடுகிற பிள்ளை கெட்டிக்காரி. ஆனால் இந்தக் கடைசிப் பாட்டுக்குப் பக்கத்தில் ஒன்றும் வராது.”

அந்தப் பயத்திலும் ராஜரத்தினத்துக்குச் சுருக்கென்றது. எட்டாம் பாட்டுக்குப் பக்கத்தில் வைக்க இதற்கு என்ன யோக்கியதை என்று வாய்வரை வந்துவிட்டது.

“பாஷை தெரியாவிட்டால் என்ன?” என்றார் மெனிக்கே. “ஒரு தாய் பிள்ளையைக் கூப்பிடுவது தெரியாதா? இதைக் கேட்டால்தான் எனக்கு நித்திரை வருகிறது. சனிக்கிழமை மகன் லீவில் வருகிறான். அவனுக்கும் போட்டுக் காட்ட வேண்டும்.” அவர் தேத்தண்ணி வைக்க எழுந்து போனார்.

வன்னியில் இருக்கிற பையன். சண்டை ஓய்ந்த நேரங்களில் எதிர்ப்பக்கத்து ஒலிபெருக்கியில் இந்தப் பாட்டை எத்தனை தடவை கேட்டிருப்பானோ. மேளம் இரண்டு தட்டு விழுந்தாலே போதும், அவனுக்குத் தெரிந்துவிடும். தன் வீட்டில், தன் படத்துக்குக் கீழே, தன் தாய் அதைக் கேட்டுக்கொண்டிருப்பதை அவன் பார்க்கப் போகிறான். யார் கொடுத்தது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

“அண்ணே, இதைத் திருப்பித் தாருங்கள். சரியாகப் பதியவில்லை. நல்லதாக வேறொன்று கொண்டுவருகிறேன்.”

“வேறு எதற்கு? இது நன்றாகத்தானே ஓடுகிறது.”

“இல்லை அண்ணே. தாருங்கள்.”

தென்னகோன் அவரை உற்றுப் பார்த்தார். பல வருடமாகப் பக்கத்துச் சீட்டில் பார்த்துப் பழகிய முகம். “என்ன மல்லி?” என்றார், குரலைத் தாழ்த்தி.

பொய் ஒன்றைத் தேடினார் ராஜரத்தினம். சவர்க்காரம் விற்கிறவருக்குப் பொய்க்கா பஞ்சம். அன்று ஒன்றும் வரவில்லை. தென்னகோனை விறாந்தைக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார். பழைய கசெட், யோகேந்திரன், அழியாமல் கிடந்த மிச்சம் எல்லாவற்றையும் சொல்லி, “அந்தக் கடைசிப் பாட்டு அந்தப் பக்கத்துப் பாட்டு, அண்ணே. சண்டையில் செத்த அவர்களுடைய பையன் ஒருவனுக்காகப் பாடியது” என்று முடித்தார்.

தென்னகோன் விறாந்தைச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். “எத்தனை வயது?”

“பத்தொன்பது என்று பாட்டில் வருகிறது.”

“அந்தத் தாய் என்ன சொல்கிறாள்?”

“அதை விடுங்கள், அண்ணே.”

“சொல்.”

“நீ விழுந்த இடத்துக்கு உன் தம்பி வருவான் என்று சொல்கிறாள்.”

“வந்து?”

ராஜரத்தினம் உள்ளே தொங்கிய படத்தைப் பார்க்காமல் சொன்னார். “உன் துப்பாக்கியை அவன் எடுப்பான் என்று.”

குசினியிலிருந்து மெனிக்கே, பாட்டைத் திரும்ப ஒருமுறை போடும்படி குரல் கொடுத்தார். தென்னகோன் உள்ளே போனார். கசெட்டை எடுத்து, விரலை விட்டு நாடாவை இழுத்தார். கறுப்பு நாடா கொத்தாக வெளியே வந்து அவர் கையைச் சுற்றிக்கொண்டது.

“நாடா சிக்கிவிட்டது” என்றார் மனைவியிடம். “இனி ஓடாது.”

“ஐயோ, ராஜா தம்பி இன்னொன்று தருவார்தானே” என்றபடி மெனிக்கே தேத்தண்ணியையும் கித்துள் கருப்பட்டியையும் கொண்டுவந்து வைத்தார். ராஜரத்தினம் தலையாட்டினார்.

படிக்கட்டின் அடிவரை தென்னகோன் கூடவே வந்தார். நாடாவைச் சுருட்டி இவர் கையில் கொடுத்தார். “நீ தெரிந்து செய்யவில்லை. அது எனக்குத் தெரியும்” என்றார். “ஆனால் இனி எனக்குப் பாட்டுக் கொண்டுவராதே, மல்லி.”

பாதையில் இறங்கி நடக்கும்போது ராஜரத்தினத்துக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று கசெட்டுக்கும் வழி பண்ணியாயிற்று, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, வீட்டுக்குப் போய்ச் சந்திரிகாவிடம் எல்லாம் முடிந்தது என்று சொல்லலாம். ஆனாலும் அழுகை வந்தது. அவருக்கு வாய்த்த ஒரே ஒரு ரசிகர் அந்த வீட்டில் இருந்தார். அதுவும் இத்தனை வருடம் தெரியாமல் இருந்து, தெரிந்த அன்றே கைவிட்டுப் போனது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வேனில் ரேடியோ போடவில்லை. சாவடிகளில் தென்னகோன் இப்போதும் “நம்ம ஆள்” என்றார். நேரே முன்னால் பார்த்துக்கொண்டு சொன்னார். இவர் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தும்வரை அந்தப் பக்கம் திரும்பவில்லை. கலகெதர ஏற்றம் தொடங்கும் இடத்தில் வேன் மெதுவானது. இருவரும் பேசாமல் இருந்ததில் ராஜரத்தினத்துக்கு முதலில் காதில் விழவில்லை. தென்னகோன் பல்லுக்கிடையில் மெல்லச் சீட்டியடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டுத்தான். தாய் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அந்த இடம், ஒரு சுரம் தப்பாமல்.

ராஜரத்தினம் திரும்பிப் பார்த்ததும் சீட்டி நின்றது. தென்னகோன் வேனைப் பாதையோரமாகக் கூட ஒதுக்கவில்லை. நடுப்பாதையிலேயே நிறுத்திவிட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி இருந்தார்.

“காலையில் எழும்பினதிலிருந்து வாயில் வருகிறது” என்றார். “எனக்காவது தெரியும், வாயை மூடிக்கொள்வேன். மெனிக்கே சமைக்கும்போதும் கூட்டும்போதும் இதைத்தான் முணுமுணுக்கிறாள். நாளைக்கு மகன் வருகிறான். அவளிடம் நான் என்ன சொல்லி நிறுத்துவது? நீயே சொல், மல்லி.”

பின்னால் வந்து நின்ற பஸ் விடாமல் ஹோர்ன் அடித்தது. தென்னகோன் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுக் கியரை மாற்ற, சவர்க்காரப் பெட்டிகள் குலுங்க வேன் ஏற்றத்தில் ஏறியது.